முன்வயல் யாருடையது

என்னிடம் ஒரு அறுவடை மிஷின் இருக்கிறது. செயின் வண்டி. டயருக்குப் பதில் பட்டை ஓடும். சேற்றில் இறங்கும். குறுவை அறுப்பு மழையை ஒட்டி வருவதால் எங்கள் பக்கத்துக்கு இந்த வண்டிதான் சரி.

வீடு குடவாசலுக்குப் பக்கம். சுற்றிலும் வயல். எங்களுக்குச் சொந்த வயல் கிடையாது.

பதினோரு வருஷம் வளைகுடாவில் இருந்தேன். பெரிய சாமான் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினேன். படிப்பு எட்டாவது. எழுத வராது என்றில்லை, மெதுவாக வரும். ஊருக்குத் திரும்பும்போது சேர்த்து வைத்ததையெல்லாம் இந்த வண்டியில் போட்டேன். புதிது இல்லை. ஆத்தூர் பக்கம் போய்ப் பார்த்து வாங்கியது. நானே ஓட்டுகிறேன்.

ஃபோனை வைத்துக்கொண்டு எப்படி மிஷின் தொழில் செய்கிறீர்கள் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முன்பு எங்கள் பக்கம் ஊருக்கு ஒரு ஏஜென்ட் இருப்பார். அறுப்பு சமயத்தில் வெளியூர் மிஷின்கள் அவரை நம்பித்தான் வரும். யாருக்கு முதலில் என்பதை அவர் முடிவு செய்வார். நிறைய நிலம் இருப்பவர்களுக்கு முதலில். இரண்டு மா, மூன்று மா வைத்திருப்பவர்கள் காத்திருப்பார்கள். மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர். அவ்வளவுதான் பலருக்கு.

என் மனைவி கல்யாணத்துக்கு முன்னால் கும்பகோணத்தில் கம்ப்யூட்டர் படித்தவள். வண்டி வந்து இறங்கியதும் சொன்னாள்.

"நமக்கு ஏஜென்ட் வேணாங்க. நான் பாத்துக்கறேன்."

"நீயா? மிஷின் பத்தி என்னா தெரியும் ஒனக்கு?"

"மிஷின் ஒங்களுக்குத் தெரியும். யாரு, எந்த ஊரு, எந்த நாளு. அது எனக்குத் தெரிஞ்சாப் போதும்ல?"

வண்டியின் இரண்டு பக்கமும் ஃபோன் நம்பர் எழுதினோம். வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் ஆரம்பித்தாள். எக்செல் ஷீட் ஒன்று போட்டாள். யார் எப்போது கூப்பிட்டார்களோ அந்த வரிசையில் பெயர் ஏறும். முதலில் கூப்பிட்டவருக்கு முதலில். பத்து வேலி நிலம் இருந்தாலும் சரி, ஒரு மா இருந்தாலும் சரி. ஷீட்டே தேதியும் போட்டுக் கொடுத்தது. அந்தத் தேதியை ஒவ்வொருவருக்கும் அனுப்பினோம்.

ஜனங்களுக்குப் பிடித்துவிட்டது. எனக்கும் பெருமைதான். நியாயமாகத் தொழில் செய்கிறோம் என்று நினைத்தேன்.

அந்தக் குறுவையில் மேலவெளியில் ஒரு அக்காவுக்குத் தேதி கொடுத்திருந்தோம். மேலவெளி எங்கள் ஊர் வயல்பரப்பு. அக்காவுக்கு மூன்று மா. வீட்டுக்காரர் இல்லை. மகளைக் கட்டிக் கொடுத்து மன்னார்குடி பக்கம் அனுப்பிவிட்டு, தனியாக விவசாயம் பார்க்கிறவர். நன்றாக விளைந்திருந்தது. முற்றிய கதிரைப் பறித்து என் கையில் கொடுத்தார். அடிமணி வரை பழுத்திருந்தது.

சொன்ன தேதியில் போனேன். லாரியிலிருந்து வண்டியை ரோட்டில் இறக்கினேன். அப்புறம்தான் பார்த்தேன்.

அக்கா வயல் ரோட்டோரம் இல்லை. உள்ளே இருக்கிறது. ரோட்டுக்கும் அதற்கும் நடுவில் வேறொருவர் வயல். அது அறுக்கவில்லை. தாமதமாக நட்டது. கதிர் வந்திருந்தது, மணி பழுக்கவில்லை.

எங்கள் பக்கம் வயலுக்குப் பாதை என்று தனியாகக் கிடையாது. வரப்பில் ஆள் நடக்கலாம், மிஷின் நடக்காது. முன்வயல்காரர் அறுத்த பிறகு, மிச்சம் நிற்கும் அடித்தாளின் மேல்தான் உள்வயலுக்கு வண்டி போகும். போன பிறகு உடைந்த வரப்பைக் கட்டிக் கொடுத்துவிட வேண்டும். இது எழுதாத வழக்கம். எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஷீட்டுக்கு மட்டும் தெரியாது. நாங்கள் சொல்லவில்லை.

முன்வயல்காரரைக் கூப்பிட்டேன். வந்தார். ஊரில் மதிப்பான ஆள். வாய் கொஞ்சம் கூர்மை.

"பாய், என் வயல்ல இன்னும் பால் காயல. நீங்க மிஷின வுட்டு மிதிச்சுக்கிட்டுப் போவீங்க, நான் கைய கட்டிக்கிட்டு நிக்கணுமா?"

"ஓரமா போயிடறேங்க."

"எந்த ஓரமா? ஒங்க வண்டி என்னா சைக்கிளா?"

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"எத்தன நாளு ஆவுங்க?" என்று அவரிடம் கேட்டார் அக்கா.

"பத்து நாளு. அதுக்கு முன்னால கதிரு சொல்லட்டும், நான் சொல்ல முடியாது."

அவர் மேல் தப்பு இல்லை. வண்டியைத் திரும்ப லாரியில் ஏற்றினேன். அன்று பக்கத்தில் அறுக்க வேறு வயல் இல்லை. அடுத்த பெயர் பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அங்கே போனால் அங்கேயும் அதே கதை. உள்வயல். முன்னால் பச்சை.

மூன்றாம் நாள் மழை பிடித்தது. விட்டு விட்டுப் பெய்தது. அக்காவின் பயிர் சாய்ந்தது. தண்ணீரில் கிடந்த கதிர் முளைத்துவிட்டது. மழை விட்டுப் போய்ப் பார்த்தேன். பச்சையாக முளை, ஊசி ஊசியாக. நெல்லிலிருந்து புல் முளைத்த மாதிரி இருந்தது.

அக்கா வரப்பில் நின்றார். திட்டவில்லை.

"நீங்க தேதி சொன்னீங்க பாய். அதான் நான் வேற மிஷின் பாக்கல. ஏஜென்ட்டுகிட்ட சொல்லியிருந்தா முன்வயல் அறுக்காம வர முடியாதுன்னு அப்பவே சொல்லியிருப்பாரு. நான் கையால அறுக்க ஆளாவது தேடியிருப்பேன்."

 

கிடங்கில் எனக்கு முதல் வாரத்திலேயே ஒரு பாடம் கிடைத்தது. ஒரு லாரிக்கு ஆறு கடைச் சாமான். லிஸ்டில் முதல் கடை மேலே இருந்தது. நான் அதை முதலில் ஏற்றினேன். அப்புறம் இரண்டாவது, மூன்றாவது. லாரி முதல் கடைக்குப் போனது. முதல் கடைச் சாமான் லாரியின் ஆழத்தில். எல்லாவற்றையும் ரோட்டில் இறக்கி, எடுத்து, மறுபடி ஏற்றினார்கள். சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு ஸ்கேனர் கருவியைக் கையில் கொடுத்தார். "இது சொல்ற வரிசையில ஏத்து" என்றார். கருவி கடைசிக் கடையை முதலில் சொன்னது. எது எதை மறைக்கும் என்று அதற்குத் தெரியும். யாரோ அதற்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

பதினோரு வருஷம் அந்த வரிசையில்தான் ஏற்றினேன். இறக்கினேன். ஊருக்கு வந்து வயலில் அதை மறந்துவிட்டேன். லாரிக்குள் இருக்கும் பெட்டி கண்ணுக்குத் தெரிந்தது. வயலும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு நிற்கும் பெட்டி மாதிரிதான் என்று தோன்றவில்லை.

மனைவியிடம் சொன்னேன். அவள் ஷீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஷீட்டு தப்புப் பண்ணலங்க. நாம சொன்னதப் பண்ணுச்சு."

"அப்ப நாமதான் தப்பு."

"ஆமா. நீங்க பாதி, நான் பாதி." பிறகு, "எனக்கு வரப்பு தெரியாது. ஒங்களுக்கு ஷீட்டு தெரியாது. ரெண்டு பேரும் பேசிக்கவே இல்ல பாத்தீங்களா" என்றாள்.

அன்று அவள் ஷீட்டில் ஒரு புதுக் கட்டம் சேர்த்தாள். தலைப்பு: முன்வயல் யாருடையது.

அதை நிரப்புவது சுலபமாக இல்லை. ஃபோனில் கேட்டால் "நம்ம பெரியப்பா வயலு" என்பார்கள். யாருக்குப் பெரியப்பா? "நம்ம" என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆகவே நான் பைக்கில் போனேன். ஒவ்வொரு வயலுக்கும் போய் நின்று, ஃபோனில் இடத்தைக் குறித்து மனைவிக்கு அனுப்பினேன். கூடவே வாயால் சொல்லி அனுப்பினேன். இது இன்னார் வயல், முன்னால் இன்னார், ரோடு மேற்கே. எழுதியிருந்தால் ஒரு வருஷம் ஆகியிருக்கும். வாயால் சொன்னதால் ஒரு மாதத்தில் முடிந்தது. அவள் புல எண் வரைபடத்தை ஃபோனில் எடுத்து, நான் குறித்த இடங்களை அதன் மேல் வைத்துப் பார்த்தாள்.

அந்தச் சம்பாவில் இன்னொன்று தெரிந்தது. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் முன்னால், நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்து தெளித்துவிடுவார்கள். அறுத்த பிறகு அது தாளுக்கு நடுவில் முளைத்து வரும். முளைத்துவிட்டால் முன்வயல்காரர் வண்டியை விடமாட்டார். எப்படி விடுவார், உளுந்து போய்விடுமே. அப்போது முன்வயல் அறுத்திருந்தும் பாதை இல்லை.

ஆகவே ஒரு வயல், ஒரு வயலாகப் போகக் கூடாது. ஒரு வயல்வெளிக்குள் இறங்கினால் முன்னாலிருந்து பின்னால் வரை ஒரே மூச்சில் முடித்துவிட்டு வெளியே வர வேண்டும். அதற்கு எல்லாம் ஒரே சமயத்தில் பழுக்க வேண்டும். அதற்கு எல்லாம் ஒரே சமயத்தில் நட வேண்டும்.

இதை யோசித்துக்கொண்டே போனால் அறுப்பு நடவில் போய் நிற்கிறது.

மனைவி சொன்னாள். "அறுப்பு வந்ததும் கூப்புடுங்கன்னு சொல்லக் கூடாது. நட்ட அன்னிக்கே சொல்லணும். என்னா ரகம், என்னா தேதி. ரெண்டும் தெரிஞ்சா பழுக்குற நாளு ஷீட்டு போட்டுடும்."

டீக்கடையில் இதைச் சொன்னேன். முன்வயல்காரர் அங்கே இருந்தார். கிளாஸைக் கீழே வைத்தார்.

"கேட்டீங்களாய்யா. பொண்ணு பாக்கப் போன எடத்துல வளைகாப்புக்குத் தேதி கேக்குறாரு பாய்."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது.

ஆனால் அடுத்த குறுவையில் செய்தி வர ஆரம்பித்தது. முதலில் நாலு பேர். அப்புறம் நாற்பது. எழுதத் தெரியாதவர்கள் குரலில் அனுப்பினார்கள். "பாயம்மா, இன்னிக்கு நட்டோம், ஆடுதுறை முப்பத்தாறு, ரெண்டு மா, முன்னால எங்க மச்சான், அவரு நேத்தே நட்டுட்டாரு." பின்னால் நடவுக்காரப் பெண்கள் பேசுவது கேட்கும். ஒருவர் நாற்றங்கால் படம் அனுப்பினார். ஒருவர் தினமும் ரோஜாப்பூவும் காலை வணக்கமும் அனுப்பினார். மனைவி அவரை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, பூ வேணாம், தேதி அனுப்புங்க" என்றாள்.

அக்காவிடமிருந்து செய்தி வரவில்லை.

நான் போகத் தயங்கினேன். மனைவி போனாள். திரும்பி வந்து சொன்னாள். அக்கா நட்டிருக்கிறார். தேதியும் ரகமும் சொல்லியிருக்கிறார். ஆனால் ஒன்று சொன்னாராம்.

"எழுதிக்க தங்கச்சி. ஆனா எனக்குத் தேதி சொல்லாதீங்க. வந்தா வாங்க. வராட்டி நான் பாத்துக்கறேன்."

அது எனக்கு அடியாகத்தான் இருந்தது. தேதி சொல்வதுதான் எங்கள் தொழில். அவர் எங்கள் தேதி வேண்டாம் என்றார்.

அந்த வருஷமும் அவர் பயிர் மழையில் போனால் அடுத்த போகம் வைக்கமாட்டார் என்று ஊரில் பேச்சு. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விடுவார் என்றார்கள். மனைவியிடம் அவரே சொல்லியிருக்கிறார். "மக கூப்புடுறா. போனா அங்க நான் விருந்தாளி. இங்கதான் நான் ஆளு."

அவர் பெயர் ஷீட்டில் ஏறிய அன்றே சிவப்பாகிவிட்டது. வண்டி போக வழி இருந்தால் பெயர் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு என்று மனைவி ஷீட்டில் போட்டிருந்தாள். முன்வயல்காரருக்கு மோட்டார் எரிந்துபோய், நடவு பன்னிரண்டு நாள் பிந்தியிருந்தது. போன வருஷம் மாதிரியே. அக்கா வயல் பழுக்கும். முன்வயல் பச்சையாக நிற்கும். நடுவில் மழை வரலாம்.

ஒரே ஒரு வித்தியாசம். போன வருஷம் ரோட்டில் வண்டியை இறக்கிய பிறகு தெரிந்தது. இந்த வருஷம் இரண்டரை மாதம் முன்னால் தெரிந்தது.

முன்வயல்காரரிடம் போனேன்.

"அறுப்புக்கு இன்னும் எம்பது நாளு கெடக்கு. இப்பவே வந்து நிக்கிறீங்க?"

"ஒங்க வயல் ஓரமா பத்தடி மட்டும் முன்னாடியே கையால அறுத்து வுட்டா, அதுல வந்துடுவேங்க."

"பழுக்காத கதிர அறுத்து மாட்டுக்குப் போடச் சொல்றீங்க."

"ஆமாங்க."

"போங்க பாய்." கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் முடிந்துவிட்டது.

வீட்டில் உட்கார்ந்திருந்தோம். மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. மனைவி ஃபோனில் மேலவெளியின் சாட்டிலைட் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அக்கா வயலுக்குப் பின்னால் விரலை வைத்தாள்.

"இது என்னா?"

"வாய்க்கால்."

"பெருசா?"

"சின்னதுதான். நாலடி இருக்கும்."

"அதுக்கு அந்தப் பக்கம்?"

"வயல்."

"யாரு வயலு?"

"அது வேற ஊரு."

"வேற ஊருன்னா மிஷின் போவாதா?"

ஃபோனை வாங்கினேன். படத்தைப் பார்த்தேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மூன்று வயல். அதற்கு அப்புறம் ரோடு. நல்ல தார் ரோடு. லாரி நிற்கலாம்.

அந்த வாய்க்கால் வரை நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அதோடு திரும்பிவிடுவேன். எல்லோரும் அப்படித்தான். அந்தப் பக்கம் வேறு ஊர், வேறு ஏஜென்ட், வேறு மிஷின். கொள்முதல் நிலையம் கூட வேறு. அவர்கள் ஊர்க் கோயிலிலும் எங்கள் ஊர்க் கோயிலிலும் வேறு வேறு நாளில் திருவிழா. எங்கள் தலையில் அங்கே ஒரு சுவர் இருந்தது. படத்தில் சுவர் இல்லை.

மறுநாள் காலை அந்த ஊருக்குப் போனேன். வாய்க்காலைத் தாண்டினால் கூப்பிடு தூரம். பைக்கில் சுற்றிப் போக எட்டுக் கிலோமீட்டர்.

மூன்று வயலும் ஒரே குடும்பம். அண்ணன், தம்பி, ஒரு பங்காளி. அண்ணன்காரர் களத்தில் இருந்தார். என் வண்டி நம்பரைச் சொன்னேன். கேள்விப்பட்டிருக்கிறார்.

"எங்க ஊருக்கு எப்பவும் வேற மிஷின்தான் வரும்."

"தெரியுங்க."

"அப்பறம் எதுக்கு வந்தீங்க?"

சுற்றி வளைக்கவில்லை. அக்கா விஷயத்தைச் சொன்னேன். போன வருஷம் நான் செய்த தப்பையும் சொன்னேன். ஃபோனில் படத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். தன் வயலை மேலிருந்து அவர் பார்த்ததில்லை.

"இதுவா என் வயலு? இவ்ளோ கோணலாவா இருக்கு?"

"கோணல்தாங்க."

"எங்கப்பா நேருன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு." சிரித்தார். பிறகு கேட்டார். "அந்த அம்மா எப்ப நட்டுச்சு?"

சொன்னேன்.

"நாங்க அதுக்கு நாலு நாளு முன்ன. அப்ப எங்களுது முடிச்சுட்டு அப்படியே போலாம். ஆனா வரப்பக் கட்டிக் குடுத்துடணும். வாய்க்கால்ல தண்ணி நிக்கக் கூடாது. கீழ வயல்காரன் சண்டைக்கு வருவான்."

"செஞ்சுடறேங்க."

"எங்க மிஷின்காரன் தேதியே சொல்ல மாட்டான். வருவேன் வருவேம்பான். நீங்க சொல்லுவீங்களா?"

"சொல்லுவேங்க."

அந்த வார்த்தை வாயிலிருந்து வரும்போது எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

நாட்கள் போயின. கதிர் வெளிவந்ததும் படம் கேட்டோம். முழு வயல் படம் வேண்டாம், ஒரே ஒரு கதிர், அதன் அடிப்பக்கம் தெரிய. வயல் தூரத்திலிருந்து மஞ்சளாக இருக்கும், அடிமணி பச்சையாக இருக்கும். ஷீட் போட்ட தேதியை அடிமணியைப் பார்த்து ஒரு நாள் முன்னே பின்னே மாற்றினோம். இது என் வேலை. ஃபோனில் ஆயிரம் படம் வந்தாலும் மணியைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும்.

புரட்டாசி கடைசியில் மனைவி மழை ரேடார் படத்தைக் காட்டினாள். கடல் பக்கம் பச்சையும் மஞ்சளுமாகத் திரண்டிருந்தது. நாளை மறுநாள் என்றார்கள். நாளை காலை பக்கத்து ஊர். நாளை பிற்பகல் அக்கா. அப்படித்தான் ஷீட்டும் சொன்னது.

விடியற்காலை பஜ்ர் தொழுதுவிட்டுக் கிளம்பினேன். பனி உலரும் வரை கதிரில் வண்டியை விட முடியாது. அதற்குள் வாய்க்கால் வேலையைப் பார்த்தோம். அண்ணன்காரர் வீட்டில் பழைய சிமெண்ட் குழாய் இரண்டு கிடந்தது. அதை வாய்க்காலில் போட்டோம். தண்ணீர் குழாய் வழியாக ஓடியது. இரண்டு பக்கமும் மண் மூட்டை அடுக்கி, நடுவில் மண் கொட்டி மிதித்து, மேலே வைக்கோல் பரப்பினோம்.

பத்து மணிக்கு மேல் இறங்கினேன். மூன்று வயலும் மதியம் தாண்டி முடிந்தது. லுஹர் அங்கேயே வரப்பில் தொழுதேன். அண்ணன்காரர் மோர் கொடுத்தனுப்பினார்.

பிறகு வாய்க்கால். வண்டியை மெதுவாக ஏற்றினேன். பாதி வந்ததும் இடது பக்கம் ஒரு மூட்டை நழுவியது. வண்டி சாய்ந்தது. அந்தப் பக்கம் அக்கா நின்றிருந்தார். முந்தானையை இடுப்பில் சொருகியிருந்தார். நான் வண்டியை நிறுத்தவில்லை. நிறுத்தினால் இறங்கிவிடும். பின்னாலும் எடுக்கவில்லை. அதே வேகத்தில் விட்டேன். பட்டை அந்தக் கரையைப் பிடித்தது. ஏறிவிட்டது.

அக்கா வண்டிப் பக்கம் வந்தார்.

"என்னா பாய், பின்பக்க வாசல் வழியா வர்றீங்க?"

"முன்பக்கம் பூட்டிக் கெடக்கே அக்கா."

முன்வயல்காரர் தன் வரப்பில் வந்து நின்று பார்த்தார். கூட நாலைந்து பேர். தன் வயலைத் தொடாமல் ஒரு மிஷின் அக்கா வயலில் ஓடுவதை அவர் பார்த்ததில்லை. யாரும் பார்த்ததில்லை.

மூன்று மாவும் அறுக்க ஒரு மணி நேரம் பக்கம். ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. நாங்கள் யோசிக்காதது. நெல்லைக் கொட்ட டிராக்டர் வேண்டும். காலையில் வாய்க்கால் வேலையைப் பார்த்ததும் அக்கா சொல்லி வைத்த டிராக்டர் எங்கள் ஊர் ரோட்டில் நின்றது. பச்சைப் பயிருக்கு அந்தப் பக்கம். வண்டியின் தொட்டி நிறைந்துவிட்டது.

அண்ணன்காரரைப் பார்த்தேன். அவரே சொன்னார். "நம்ம டிராக்டர்ல கொட்டுங்க. ஒங்க ஊருக்கு நான் கொண்டாந்து வுடறேன்."

தொட்டி நிறைய நிறைய வாய்க்காலைத் தாண்டி வந்து கொட்டினேன். ஒவ்வொரு தடவையும் அந்த மூட்டையை இரண்டு பேர் காலால் அழுத்திப் பிடித்தார்கள். அக்காவும் வாய்க்காலைத் தாண்டி வந்துவிட்டார். டிராக்டர் பெட்டியில் நெல் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக் கடித்துப் பார்த்தார்.

"என் நெல்லு ஊரு மாறிப் போச்சு" என்றார்.

"எட்டுக் கிலோமீட்டர் சுத்திட்டு வரும் அக்கா."

"வரட்டும். நானும் இந்தப் பக்கம் வந்ததே இல்ல. பாத்துக்கிட்டே வர்றேன்."

நெல் குவியலின் மேல் தார்ப்பாய் போட்டார்கள். அக்கா பெட்டியின் ஓரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். டிராக்டர் கிளம்பியது.

மாலை அஸர் தொழுகைக்குள் குழாயை எடுத்து வாய்க்காலைச் சுத்தம் செய்தோம். வரப்பைக் கட்டினோம். வண்டியை லாரியில் ஏற்றும்போது கிழக்கே கருத்துவிட்டது. மறுநாள் விடியும்போது பிடித்த மழை நாலு நாள் பெய்தது. ரேடார் சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டது.

அக்காவின் நெல் கொட்டகையில் இருந்தது.

முன்வயல்காரருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பச்சைப் பயிர், சாயவில்லை. மழை விட்டு, ஈரம் குறைந்து, அவருக்கு நாங்கள்தான் அறுத்தோம். வண்டியை இறக்கும்போது பக்கத்தில் வந்தார்.

"பாய், ஒங்க ஷீட்டுல நான் செவப்பா, பச்சையா?"

"ஒங்களுக்கு முன்னால யாரும் இல்லீங்க. நீங்க எப்பவும் பச்சதான். ஒங்களாலதான் மத்தவங்க செவப்பு."

தன் வயலைத் திரும்பிப் பார்த்தார். "அடுத்த தடவ நடவுக்கு முன்ன எனக்கு ஒரு ஃபோன் போடச் சொல்லுங்க பாயம்மாவ. பின்னால யாரு எப்ப நடுறாங்கன்னு கேட்டுக்கிட்டு நடறேன்." பிறகு, "மோட்டார் எரியாம இருந்தா" என்றார்.

அந்தக் குறுவையில் வண்டி சும்மா நின்ற நாள் மிகக் குறைவு. முந்தின வருஷத்தைவிட ஓட்டம் குறைவு, அறுப்பு அதிகம். லாரியில் ஏற்றி இறக்குவது பாதியாகிவிட்டது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஊரும் எங்கள் குரூப்பில் சேர்ந்தது. பாபநாசம் பக்கத்திலிருந்து ஒரு மிஷின்காரர் வந்து ஷீட்டைக் கேட்டார். மனைவி கொடுத்துவிட்டாள்.

"ஏன் குடுத்தே?"

"ஷீட்டு குடுத்தா என்னா. அவரு ஊரு வரப்புல அவருதான் நடக்கணும்."

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். போன மாதம் கூட ஒருவர் ரகத்தை மாற்றிச் சொல்லிவிட்டார். அவர் வயல் இருபது நாள் பிந்தியது. வண்டி போய்த் திரும்பி வந்தது. ஷீட்டில் இப்போது இன்னொரு கட்டம் இருக்கிறது. விதை மூட்டைப் படம்.

குறுவை முடிந்து அடுத்த போகமான தாளடி நடவு சமயத்தில் ஒரு நாள் காலை வண்டிக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தேன். கையெல்லாம் கறுப்பு. மனைவி ஃபோனைக் கொண்டுவந்து என் காதுப் பக்கம் பிடித்தாள். குரல் செய்தி. தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பெண்கள் பேச்சு. அப்புறம் அக்கா.

"பாய், இன்னிக்கு நட்டாச்சு. மூணு மா. முன்வயல்காரரு முந்தாநாளு நட்டுட்டாரு. பின்னால அண்ணன்காரரு நாளைக்கி நடுறாராம், நான் வாய்க்கால்ல நின்னு கேட்டுட்டேன். தேதி சொல்லுங்க."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே ஷீட்டைத் திறந்துவிட்டாள்.